எண்ணப்படாத வெடிப்புகள்: தரமணி இரவு ஷிஃப்ட் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தரமணி ஐ.டி. கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களிடம் ஓர் உதவி கேட்டு இதை எழுதுகிறேன். நன்கொடை இல்லை, கையெழுத்து இயக்கமும் இல்லை. எண்ணுகிற வேலை ஒன்று கிடக்கிறது, அதற்கு ஆள் வேண்டும். டைடல் பார்க்கிலும் ராமானுஜன் ஐ.டி. சிட்டியிலும் ராத்திரி முழுக்க டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு, எது நிஜமான அலர்ட், எது வெறும் சலசலப்பு என்று பிரித்துப் பிரித்துப் பழகியவர்கள் நீங்கள். உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இந்த வட்டாரத்தில் கிடைக்க மாட்டார்கள். எண்ண வேண்டியது, சூரியனின் மேல் அடுக்குகளில் நொடிக்கு நொடி நடந்துகொண்டிருக்கும் சின்னச் சின்ன வெடிப்புகளை.

பகலில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டித் தூங்குகிறவர்களிடம் வந்து சூரியனைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு வெயில் தேவையில்லை. லேப்டாப் போதும்.

சூரியனில் வெடிப்பு என்றாலே நமக்குப் பெரியதுதான் செய்தி. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வாட்ஸ்அப் குழுக்களில் இன்டர்நெட்டுக்கே முடிவு கட்டினார்கள். நீங்கள் யாரும் அதை நம்பி லீவு போட்டதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட பெரிய வெடிப்புகளை எண்ணுவதற்கு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. அந்த வெடிப்புகளுக்குப் பெயர், வகை, எண் எல்லாம் உண்டு. சின்னவற்றைச் சீந்துவார் குறைவு. ஆனால் சூரிய இயற்பியலில் எண்பது ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் ஒரு வழக்கின் தீர்ப்பு அந்தச் சின்னவற்றின் கணக்கில்தான் தொங்குகிறது.

வழக்கு இதுதான். நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பு, அதாவது ஒளிக்கோளம், சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் நிறக்கோளம். அங்கே பத்தாயிரம், இருபதாயிரம் டிகிரி என்று போகும். அதையும் தாண்டினால் மிக மெல்லிய ஓர் இடைநிலை அடுக்கு. அதற்குள் வெப்பநிலை கிடுகிடுவென ஏறி, கொரோனா என்கிற வெளி வளிமண்டலத்துக்குள் நுழையும்போது பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிவிடுகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் பாயாது என்று பிளஸ் டூவிலேயே படித்திருப்பீர்கள். அப்படியானால் மேலே அடுப்பு மூட்டுவது யார்?

இந்தக் கதையில் நம் ஊருக்கு ஆரம்பத்திலிருந்தே பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூரில் இருந்தார். ஹீலியம் என்ற தனிமத்துக்கான முதல் தடயம் அந்தக் கிரகணத்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில், கொரோனாவின் ஒளியில் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு பச்சை நிறக் கோடு அகப்பட்டது. புதுத் தனிமம் என்று நினைத்து ‘கொரோனியம்’ என்று பெயரே சூட்டிவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் அந்தப் பெயரோடு காலம் தள்ளினார்கள். 1940 வாக்கில்தான் ஜெர்மனியின் குரோட்ரியானும் சுவீடனின் எட்லெனும் உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: அது சாதாரண இரும்பு. ஆனால் 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. இரும்பிடமிருந்து 13 எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டுமானால் ஏறக்குறைய இருபது லட்சம் டிகிரி சூடு வேண்டும். வழக்கு அன்றைக்குத் தொடங்கியது.

நுங்கம்பாக்கத்தில் வானிலை மையத்தின் வளாகத்தில், 1792-ல் நிறுவிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தின் வேலைதான் 1899-ல் கொடைக்கானல் மலைக்குப் போனது. அங்கே 1904 முதல் சூரியனைக் கால்சிய ஒளியில் தொடர்ந்து படமெடுத்துவருகிறார்கள். கொடைக்கானலின் வாரிசுதான் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அது செய்துகொடுத்த வெல்க் என்ற கருவி இன்று ஆதித்யா-எல்1 சூரிய ஆய்வுக் கலத்தில் உட்கார்ந்து, அதே பச்சைக் கோட்டையும் பார்க்கிறது.

அடுப்புக்கு எவ்வளவு எரிபொருள் தேவை? மிகக் கொஞ்சம். சூரியப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 6 கோடியே 30 லட்சம் வாட் ஒளியாக வெளியே விடுகிறது. அமைதியாக இருக்கும் பகுதிகளில் கொரோனாவைச் சூடாக வைத்திருக்க ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் போதும். இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. கரும்புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும் இடங்களில் பத்தாயிரம் வாட் வரை வேண்டும், அவ்வளவுதான். கொரோனா அந்த அளவுக்கு அடர்த்தி குறைந்த வாயு. எரிபொருளுக்குப் பஞ்சமில்லை என்பதால், அது மேலே போய்ச் சேரும் வழியைத்தான் இத்தனை நாளாகத் தேடுகிறார்கள்.

அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1988-ல் ஒரு வழி சொன்னார். சூரியப் பரப்பு ஓயாமல் கொதித்துப் புரள்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள குமிழ்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தோன்றி மறைகின்றன. பரப்பில் வேர் ஊன்றி வளைந்து நிற்கும் காந்தப்புலக் கோடுகளின் கால்களை இந்தக் கொதிப்பு இங்கும் அங்கும் தள்ளுகிறது. கால்கள் நகர நகர, மேலே கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னல் ஓர் அளவுக்கு மேல் இறுகியதும் பொறுக்காது. அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் காந்த ஆற்றல் சட்டென்று வெப்பமாகிவிடும். இந்தக் குட்டி வெடிப்புக்கு அவர் வைத்த பெயர் நானோஃப்ளேர். பெரிய சூரிய வெடிப்பின் ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதால் அந்தப் பெயர்.

குட்டி என்றால் எவ்வளவு குட்டி? பார்க்கர் சொன்ன அளவை நம் மின்வாரியக் கணக்குக்கு மாற்றினால் ஒரு நானோஃப்ளேர் சுமார் 2,800 கோடி யூனிட். தமிழ்நாடு முழுவதும் இரண்டு மூன்று மாதம் எரிக்கிற மின்சாரம். குண்டுக் கணக்கில் 24 மெகாடன். சூரியனில் இது தூசு. அமைதியான கொரோனாவுக்கு வேண்டிய 300 வாட்டைச் சூரியனின் மொத்தப் பரப்போடு பெருக்கி, ஒரு நானோஃப்ளேரின் ஆற்றலால் வகுத்துப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 18,000 வெடிக்க வேண்டும். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நாலைந்து லட்சம்.

பார்க்கரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சூரியனிலிருந்து துகள் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது என்று அவர் 1958-ல் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்று தள்ளினார்கள். ஆய்விதழின் ஆசிரியருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கையில்லை. ஆனாலும் கணக்கில் தப்பு எங்கே என்று தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. தப்பில்லாத கணக்கைத் தடுக்க எனக்கு உரிமையில்லை என்ற நிலையில் நின்று, கட்டுரையைப் போட்டார். அந்த ஆசிரியர் நம்ம மயிலாப்பூர்க்காரர், மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் அவர்கள் வீடு ‘சந்திர விலாஸ்’ இருந்தது. இப்போது உங்கள் ஆபீசுக்கு நடக்கும் தூரத்தில், சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனம் 1962 ஜனவரி 3-ல் மாநிலக் கல்லூரியில் தொடங்கப்பட்டபோது வந்திருந்தவரும் அவர்தான். பார்க்கர் பெயரைத் தாங்கிய நாசாவின் கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. பார்க்கர் 2022 மார்ச்சில் காலமாகிவிட்டார்.

சரி, வழி சொன்னார்; வெடிப்பை யாராவது பார்த்தார்களா? இந்த வகைச் சிறு வெடிப்புகளில் சற்றுப் பெரிய சகோதரர்களை அவருக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 1983-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் புரூக்னரும் பார்டோவும், ராக்கெட்டில் அனுப்பிய ஒரு புற ஊதா நிறமாலைக் கருவியின் படங்களை ஆராய்ந்து எழுதினார்கள். இடைநிலை அடுக்கில், ஒரு லட்சம் டிகிரிச் சூட்டில், திடீர் திடீரென வாயு பீறிட்டுப் பாய்கிறது. நொடிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். ஒவ்வொன்றின் நீளமும் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர், ஆயுள் ஒரு நிமிடம். சென்னையிலிருந்து டெல்லிக்குக் கொஞ்சம் முன்னால் வரை நீளுகிற வெடிப்பு ஒரு நிமிடத்தில் வந்து போய்விடுகிறது! நிறமாலைக் கோடு இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. ஒரு பாய்ச்சல் நம்மை நோக்கி, இன்னொன்று எதிர்ப்பக்கம். காந்தக் கோடுகள் அறுந்து ஒட்டினால் நடுவிலிருந்து இரு திசையிலும் வாயு பாயும் என்பதுதான் கோட்பாடும் சொன்னது. 1997-ல் சோஹோ விண்கலத்தின் கருவி அந்த இரட்டைப் பாய்ச்சலைத் தெளிவாகப் பிடித்தது. 2020-ல் ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் இன்னும் கிட்டப் போய்ப் படம் பிடித்தபோது, 400 முதல் 4,000 கிலோமீட்டர் வரை நீளமுள்ள சிறு தீக்கள் அமைதியான கொரோனா எங்கும் மின்னி மின்னி மறைந்தன. சில பத்து வினாடிகள், அதிகம் போனால் இருநூறு.

இவை எதுவும் பார்க்கர் சொன்ன நானோஃப்ளேர் அல்ல என்று கறாராகச் சொல்கிறவர்கள் உண்டு. நானோஃப்ளேர் தனித்தனியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது. ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரம் சேர்ந்து ஒரே மங்கல் ஒளியாகத்தான் நமக்கு வரும். வெடிப்பே வேண்டாம், காந்தப்புலக் கோடுகளில் ஓடும் அலைகளே போதும் என்ற எதிர்க்கட்சியும் பலமானதுதான். 1942-ல் இயற்பியலாளர் ஆல்ஃப்வென் போட்ட அடித்தளம் அது. என் கட்சி எது என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதை வாதம் தீர்க்காது, எண்ணிக்கைதான் தீர்க்கும் என்பேன்.

எண்ணிக்கையில் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையின் ஒரு நாள் வசூலை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங்குக்கு ஃபிளாஸ்க் ஃபிளாஸ்க்காக வாங்கிப் போகிறவர்களால் கடை ஓடுகிறதா, ஒற்றை டீ குடித்துவிட்டுப் போகிறவர்களாலா? பெரிய ஆர்டர் கண்ணில் படும். ஒற்றை டீ படாது. கேள்வி, ஒற்றை டீக்காரர்கள் எத்தனை மடங்கு அதிகம் என்பது. வெடிப்பின் ஆற்றலைப் பத்துப் பத்து மடங்காகப் படி வகுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் பெருகினால் சின்னவற்றின் மொத்தம் பெரியவற்றை மிஞ்சிவிடும். பத்துக்குக் குறைவாகப் பெருகினால் சின்னவை எத்தனை கோடி இருந்தும் பயனில்லை. இந்த எல்லையைச் சாய்வு எண் 2 என்பார்கள். 1991-ல் சூரிய இயற்பியலாளர் ஹியூ ஹட்சன் இதை அழுத்தமாக எடுத்துச் சொன்னார். பெரிய வெடிப்புகளை எண்ணினால் சாய்வு இரண்டுக்குக் கீழேதான் வருகிறது. சிறியவற்றில் இரண்டைத் தாண்டினால் பார்க்கர் கட்சி பிழைக்கும்.

தாண்டுகிறதா? இங்கேதான் உங்கள் தொழில் வருகிறது. 1998-லிருந்து 2000 வரை பல குழுக்கள் விண்கலப் படங்களில் சிறு வெடிப்புகளை எண்ணின. ஒரு குழுவுக்கு 1.8-ஐ ஒட்டி வந்தது. இன்னொன்றுக்கு 2.6 வரை போனது. சூரியன் ஒன்றுதான். மாறியது, எதை ‘ஒரு வெடிப்பு’ என்று கொள்வது என்ற விதி. திரெஷோல்டை எங்கே வைப்பது? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டும் ஒன்றாகப் பிரகாசமானால் ஒரு நிகழ்ச்சியா, இரண்டா? ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது எழுந்தால்? கீழ்மட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் சத்தமெல்லாம் வெடிப்பாகிவிடும்; இறுக்கினால் வெடிப்பெல்லாம் சத்தமாகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கோளாறுக்கு நாற்பது டிக்கெட் விழுந்து, அதை ஒன்றாக மூடத் தெரிந்தவர்களுக்கு இதைப் பாடமாக விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டின் பங்கு இந்தக் கணக்கில் கொஞ்சநஞ்சமில்லை. 2019 ஜூலை 22-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-2-ஐ நாம் விக்ரம் லேண்டருக்காக நினைத்து வருத்தப்படுகிறோம். அந்த வருத்தத்தில் ஆர்பிட்டரில் இருந்த சின்னக் கருவி ஒன்றை மறந்துவிட்டோம். எக்ஸ்எஸ்எம் என்ற சூரிய எக்ஸ்-ரே கண்காணிப்பான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்தது. நிலாவைச் சுற்றிக்கொண்டே சூரியனின் எக்ஸ்-ரே நிறமாலையை நொடிக்கு ஒன்று வீதம் பதிவு செய்கிறது. அது வேலையைத் தொடங்கியபோது சூரியன் நூறு ஆண்டுகளில் காணாத மந்தத்தில் இருந்தது. கொந்தளிப்பான பகுதி ஒன்றுகூட இல்லாத நாட்களைத் தேர்ந்து அலசிய ஆய்வாளர்களுக்கு 98 மைக்ரோஃப்ளேர்கள் கிடைத்தன. வெடிப்புகளின் வழக்கமான அளவுகோலில் கடைசிப் படியான ஏ வகுப்புக்கும் கீழே இருப்பவை. சூரியன் தூங்குகிறது என்று நினைத்த இடத்தில் 98 வெடிப்பு. 2021-ல் முடிவு வெளியானது.

ஆனால் நிதானமாகக் கூட்டிப் பாருங்கள். அந்த 98-ன் ஆற்றல் முழுவதையும் சேர்த்து, அவற்றைப் பிடிக்க ஆன நாட்களுக்குப் பரப்பினால், கொரோனாவுக்குத் தேவையானதில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை. மீதி எல்லாம் அதற்கும் கீழே, பிரித்தறிய முடியாத இரைச்சலுக்குள் இருக்க வேண்டும். அல்லது வெடிப்பாக இல்லாமல் வேறு வழியில் வர வேண்டும். புனேயின் ஐயூகா வானியல் மைய ஆய்வாளர்கள் இரைச்சலுக்குள்ளேயே இறங்கினார்கள். வெடிப்புகளைத் தனித்தனியாக எண்ணாமல், கணக்கற்ற சிறு வெடிப்புகளைக் கணினியில் உண்டாக்கி, அவை சேர்ந்து தரும் ஒளி வளைவோடு சூரியனின் நிஜ ஒளி வளைவை ஒப்பிட்டார்கள். ஒப்பிடும் வேலையை ஒரு நியூரல் நெட்வொர்க்கிடம் விட்டார்கள். சாய்வு இரண்டுக்கு மேல் வந்தது. புனேயின் ரேடியோ வானியலாளர்கள் ஆஸ்திரேலியப் பாலைவன ஆன்டெனாக்களின் தரவில், அமைதியான சூரியனிலிருந்து வரும் மிக மங்கலான ரேடியோத் துடிப்புகளை 2020-ல் கண்டெடுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் சாட்சிகள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதில் சோலெக்ஸ், ஹீலியோஸ் என்று இரண்டு எக்ஸ்-ரே கருவிகள் இருக்கின்றன. இடையில் எதுவும் மறைக்காத இடம் என்பதால் இருபத்துநாலு மணி நேரமும் தரவு குவிகிறது. 2025 ஜனவரி 6-ல் அதன் முதல் தொகுதியைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். சந்திரயான்-2 தரவு அதற்கு முன்பிருந்தே கிடைக்கிறது. எல்லாம் இஸ்ரோவின் பிரதான் என்ற தரவுத் தளத்தில். பதிவு செய்தால் போதும், பைசா கட்ட வேண்டாம். வானியலுக்கென்றே ஆஸ்ட்ரோபை, சன்பை என்று பைத்தான் நூலகங்கள் இலவசமாக இருக்கின்றன. தரவை இறக்கி, திறந்து, வளைவு வரைய உங்களில் பாதிப் பேருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

தரவு கொட்டிக் கிடக்கிறது; பார்க்க ஆள் இல்லை. இந்தியாவில் சூரிய இயற்பியலை முழு நேரமாகச் செய்கிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். ராஜீவ் காந்தி சாலையில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களை எந்த மண்டபத்திலும் அடக்க முடியாது. முனைவர் பட்டம் இல்லாமல் இதெல்லாம் செய்யலாமா என்ற தயக்கம் வேண்டாம். கட்டுரை எழுதுவது பிறகு. முதலில் வேண்டியது பொறுமையாக எண்ணுவதும், எந்த விதிப்படி எண்ணினோம் என்பதை மறைக்காமல் எழுதி வைப்பதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். எக்ஸ்எஸ்எம்மின் 2019-20 தரவில், கொந்தளிப்பான பகுதி இல்லாத அந்த நாட்களிலிருந்து தொடங்குங்கள். சூரியன் மந்தமாக இருந்த காலம், இரைச்சல் குறைவு. கலம் நிலாவைச் சுற்றுவதால் சூரியன் கண்ணுக்குப் படாத நேரங்களில் தரவு அறுந்திருக்கும். அந்த அறுபட்ட இடத்தை வெடிப்பின் முடிவாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் எழுபது காட்டினால் திரெஷோல்டு இறுக்கம். நூற்றைம்பது காட்டினால், அந்தக் கூடுதலில் எது வெடிப்பு, எது கருவியின் சேட்டை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தொண்ணூற்றெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஆதித்யாவின் தரவுக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்,
தரமணி